புள்ளி விழாத இடம்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு சவ வண்டியின் பின்னால் போய்விட்டன. வில்லியம் ஃபாக்னரின் ‘ஆஸ் ஐ லே டையிங்’ (1930) நாவலில், செத்துப்போன ஆடி பண்ட்ரென்னைப் பெட்டியில் வைத்து, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியில் ஏற்றி, புருஷனும் ஐந்து பிள்ளைகளுமாக ஜெஃபர்ஸன் என்ற டவுனுக்குக் கொண்டுபோகிறார்கள். தன் பிறந்தவீட்டு மனிதர்கள் கிடக்கும் இடத்தில்தான் தன்னையும் புதைக்க வேண்டும் என்று அவள் முன்கூட்டியே வாக்கு வாங்கியிருந்தாள். நடுவில் மழை, வெள்ளம். பாலங்கள் போய்விட்டன. இந்தப் பயணத்தைக் கம்ப்யூட்டரில் வரைபடமாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அடியில் ஒரு நிலப்படத்தை விரித்துக்கொண்டு, அதன்மேல் அடுக்கடுக்காகப் புள்ளிகளும் கோடுகளும் போட்டுக்கொண்டே போகலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. இடத்தின் பெயர், எத்தனையாவது அத்தியாயம், அங்கே இருப்பவர் யார், பேசுகிறவர் யார், எந்த நாள். ஏறக்குறைய லெட்ஜர்தான். இதைக் கேள்விப்பட்ட கவிஞ நண்பர் ஒருவர், “பாங்க்கில் செய்கிற காரியத்தையே வீட்டிலும் செய்கிறீராக்கும்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்தக் கட்டம் நிரம்பவில்லை என்பது அவன் கண்ணில் உடனே படும். நம் விமர்சனத்தில் ‘நிலம்’ என்கிற சொல் படாத பாடு படுகிறது. ‘இந்நாவலில் ஊரே ஒரு பாத்திரமாகிவிடுகிறது’ என்று எழுதாத மதிப்புரைக்காரன் நம்மிடையே கிடையாது. நானும் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். ஊர் எப்படிப் பாத்திரமாகும், எந்தத் தெருவில், யாருடைய பார்வையில், எத்தனை பக்கங்களுக்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அந்த வெட்கமும் இந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு காரணம்.

நாவலுக்கு வரைபடம் போடும் ஆசை நாவலாசிரியர்களிடமே இருந்திருக்கிறது. தாமஸ் ஹார்டி 1878இல் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்’ நூலுக்கு எக்டன் புதர்வெளியின் படத்தைத் தாமே வரைந்து கொடுத்தார். ஜாய்ஸ் ‘யுலிஸிஸ்’ நாவலின் ஓர் அத்தியாயத்தை எழுதும்போது டப்ளின் நகரப் படத்தை மேஜைமீது விரித்து, பாதிரியார் ஒருவரும் வைஸ்ராயின் ஊர்வலமும் போகும் வழிகளைச் சிவப்பு மையால் கீறி, யார் எத்தனை நிமிஷத்தில் எங்கே இருப்பார்கள் என்று கணக்குப் பார்த்ததாக நண்பர் ஃப்ராங்க் பட்ஜன் 1934இல் எழுதினார். இதையெல்லாம் பட்டறைக்குள் நடந்த வேலை என்று விட்டுவிடலாம். வாசகன் வரைபடத்தைக் கையில் எடுத்தது வேறு நோக்கத்தோடு. வில்லியம் ஷார்ப் என்பவர் 1904இல் ‘இலக்கிய நிலவியல்’ என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் கொண்டுவந்தார். டிக்கன்ஸின் ஊர், தாக்கரேயின் ஊர் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் குவிந்தன. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப்போய் இந்த வீட்டில்தான் இன்ன பாத்திரம் குடியிருந்தது என்று பார்த்துவிட்டு வருகிற உல்லாசம் அது. 1905இல் இப்படிப்பட்ட இரண்டு புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதிய ஒரு 23 வயதுப் பெண் இதைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. எழுத்தாளனின் ஊருக்கு அவன் தலைக்கு வெளியே விலாசம் கிடையாது, தேடிப் போகிறவன் ஏமாந்துதான் திரும்புவான் என்பது அவள் வாதம். அவள் பெயர் அப்போது வர்ஜீனியா ஸ்டீஃபன், பின்னால் உல்ஃப். அந்த வாதத்துக்கு இதுவரை யாரும் முழுசாகப் பதில் சொல்லிவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு பாதிப் பதிலை ஃப்ராங்கோ மொரெட்டி சொன்னார். இவருடைய ‘ஐரோப்பிய நாவலின் அட்லஸ்’ இத்தாலியில் 1997இலும் ஆங்கிலத்தில் 1998இலும் வந்தது. மொரெட்டிக்கு வீட்டைத் தேடிப் போகும் ஆசையே இல்லை. அவர் நாவல்களிலிருந்து ஒரேயொரு அம்சத்தை மட்டும் உருவி எடுத்து வரைபடத்தில் போடுகிறார். பிறகு நாவலை மறந்துவிட்டு, புள்ளிகள் விழுந்த விதத்தைப் பார்க்கிறார். பால்ஸாக்கின் பாரிஸில், மேலே வரத் துடிக்கிற இளைஞர்கள் ஸேன் நதியின் இடது கரையில் அறையெடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் ஆசைப்படுகிற பெண்களும் பணமும் பெரும்பாலும் எதிர்க்கரையில். ஆசைக்கு ஒரு திசை இருக்கிறது, நதி அதன் குறுக்கே ஓடுகிறது. பால்ஸாக்கை எத்தனை தடவை படித்தவனுக்கும் இது வார்த்தையாகத் தெரிந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஜேன் ஆஸ்டினின் இங்கிலாந்தில் கதை தெற்கிலும் மத்தியிலுமே சுற்றிவருகிறது. அயர்லாந்து இல்லை, ஸ்காட்லாந்து இல்லை, ஆலைப் புகை கிளம்பிய வடக்கும் இல்லை. இதைவிடச் சுருக்கமாக ஒரு தேசத்தைப் பற்றிய கனவை யாரும் சொல்லிவிட முடியாது.

மொரெட்டிமீது ஓர் இத்தாலிய நிலவியலாளர் வைத்த குற்றச்சாட்டு, நீர் போடுவது வரைபடமே இல்லை, வடிவக்கணிதம் என்பது. மொரெட்டி அதை 2005இல் வந்த இன்னொரு புத்தகத்தில் ஏறக்குறைய ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்காக அவரை எனக்குக் கூடுதலாகப் பிடித்தது.

கம்ப்யூட்டர் வந்தபின் நடந்தவற்றை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன். ஜூரிக்கில், பார்பரா பியாட்டி என்ற ஆய்வாளர் வரைபடக் கலைஞர்களுடன் சேர்ந்து 2006இலிருந்து ஐரோப்பாவுக்கு ஓர் இலக்கிய அட்லஸ் முயற்சியில் இறங்கினார். லூஸெர்ன் ஏரிப் பகுதி, பிராக் நகரம், வட ஃப்ரீஸியாக் கடற்கரை என்று மூன்று வட்டாரங்கள். நாவலில் வரும் இடம் புள்ளியாக விழ மறுக்கும் என்பது அவர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. ஆகவே விளிம்பு மங்கிய வடிவங்களில் இடங்களைக் காட்ட முயன்றார்கள். நிகழ்ச்சி நடக்கும் இடம் ஒரு வகை, பாத்திரம் அங்கே இல்லாமல் நினைத்துக்கொள்கிற, ஏங்குகிற, கனவு காண்கிற இடம் வேறொரு வகை என்று பிரித்தார்கள். இந்தப் பிரிவினை மிக நல்ல விமர்சனம். கணிப்பொறி கேட்காவிட்டால் நமக்கு இதைப் பிரிக்கத் தோன்றியிருக்காது.

மற்றது ஸ்டான்ஃபோர்டில் நடந்தது. 1700 முதல் 1900 வரையிலான ஆயிரக்கணக்கான ஆங்கில நாவல்களில் லண்டன் இடப்பெயர்கள் வரும் பகுதிகளை வெட்டி எடுத்து, இவற்றில் பயம் இருக்கிறதா, சந்தோஷம் இருக்கிறதா என்று இணையத்தின் வழியாகக் கூலிக்கு அமர்த்திய வாசகர்களைக் கேட்டார்கள். 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பொது இடங்களில் பெரும்பாலும் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. நாவல் தன் உணர்ச்சிகளை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டது. லண்டன் ஜனங்கள் புறநகர்களுக்குப் பரவிப் போய்க்கொண்டிருந்தபோதும் நாவல்களின் லண்டன் பழைய மையத்தையும் மேற்குப் பகுதியையும் விட்டு நகரவில்லை. முடிவுகள் சுவாரஸ்யமானவை. ஆனால் ஒரு பத்திக்கு இத்தனை காசு என்று வாங்கிக்கொண்டு, முன்னும் பின்னும் தெரியாமல் பயத்துக்கு டிக் அடிக்கிற அந்த முகமறியாத வாசகனை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவனும் ஒரு குமாஸ்தாதான்.

இனி ஃபாக்னர். 1936இல் ‘அப்ஸலம், அப்ஸலம்!’ நாவலின் கடைசியில் தம் கற்பனை மாவட்டமான யோக்னபடாஃபாவின் வரைபடத்தை அவரே வரைந்து சேர்த்தார். நிஜத்தில் இது மிஸிஸிப்பி மாநிலத்தின் லாஃபயெட் மாவட்டம். ஜெஃபர்ஸன் என்பது பெரும்பாலும் அவர் வாழ்ந்த ஆக்ஸ்ஃபோர்ட். வடக்கே டாலஹாச்சி ஆறு, நிஜப் பெயரோடு. தெற்கே யோக்னபடாஃபா ஆறு. இன்றைய படங்களில் யோகோனா என்று இருக்கிற ஆற்றின் பழைய பெயர். லாஃபயெட்டின் பரப்பு 700 சதுர மைலுக்கும் குறைவு. ஃபாக்னர் தம் மாவட்டத்துக்குக் கொடுத்த பரப்பு 2400. ஜனத்தொகையையும் எழுதிவைத்தார். வெள்ளையர் 6298, கறுப்பர் 9313. கூட்டினால் 15,611, சதுர மைலுக்கு ஆறரைப் பேர். அடியில் கையெழுத்துப் போடுகிற இடத்தில், இதற்கு வில்லியம் ஃபாக்னரே ஏக உரிமையாளர் என்ற பொருளில் ஒரு வாசகம்.

இதை எல்லோரும் ஹாஸ்யம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஹாஸ்யம்தான். ஆனால் இந்த வரைபடத்தை எழுத்தெண்ணிப் படித்தால் இது என்ன விசித்திரமான படம் என்று தெரியும். இதில் இடங்களுக்குப் பெயர் குறைவு, சம்பவங்கள் அதிகம். ஸட்பன் கொல்லப்பட்ட மீன்பிடி முகாம். கிறிஸ்மஸ் கொல்லப்பட்ட வீடு. பாப்பாய் டாமியைக் கொன்ற இடம். பைரன் ஸ்நோப்ஸ் திருடிய ஸார்டோரிஸ் பாங்க் (இந்த ஸ்நோப்ஸ் அந்த பாங்க்கிலேயே கணக்கு எழுதியவன், தொழில் முறையில் எனக்குச் சொந்தம்). பென்ஜியை வண்டியில் அழைத்துப் போகும்போது தன் இடப்பக்கம் வரவேண்டும் என்று அவன் அடம்பிடிக்கிற யுத்த நினைவுச்சின்னம். பண்ட்ரென் குடும்பம் கடக்க முடியாமல் போன பாலமும் இருக்கிறது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன பாலத்தை, போய்விட்டது என்ற குறிப்போடு, எந்த ஸர்வேயரும் படத்தில் போடமாட்டான்.

ஆக, நடந்ததெல்லாம் ஒரே சமயத்தில் நடந்துகொண்டே இருக்கிற நிலம் அது. காலத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இடத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். ஃபாக்னரின் வாக்கியங்கள் ஏன் முற்றுப்புள்ளிக்கு வர மறுக்கின்றன என்பதற்கு இந்தப் படத்தைவிட நல்ல விளக்கவுரை நான் பார்க்கவில்லை.

ஆனால் நான் படத்தில் நின்றுபோன இடம் வேறு. பாங்க்கில் என் மேஜைக்கு வரும் அடமானப் பத்திரங்களில் செக்குபந்தி என்று ஒரு பகுதி உண்டு. கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே இன்னார் தோட்டம், தெற்கே வாய்க்கால். சொத்து எங்கே இருக்கிறது என்பதை அதைச் சுற்றியிருப்பவற்றை வைத்துச் சொல்லும் முறை. எத்தனையோ வருஷப் பழசான மூலப்பத்திரங்களிலும் இதே நடைதான். படித்துப் படித்து ஒரு விஷயம் எனக்குப் பழகிப்போயிருந்தது. பழகிப்போனதால் கண்ணில் படாமலும் இருந்தது. செக்குபந்தியில் ஒருவன் பெயர் வரவேண்டுமென்றால் அவனுக்கு அங்கே பக்கத்தில் நிலம் இருக்க வேண்டும். அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாக உழுகிறவன் பெயர் வராது. வாய்க்கால் வரும், அவன் வரமாட்டான்.

ஃபாக்னரின் படத்தை அந்தக் கண்ணால் மறுபடி பார்த்தேன். ஸார்டோரிஸ், காம்ப்ஸன், ஸட்பன், பென்போ, வார்னர், மக்காலம், டல், ஆர்ம்ஸ்டிட், பண்ட்ரென். பெயர்கள் எல்லாம் வெள்ளைக்காரக் குடும்பங்களின் பெயர்கள். பணக்காரர்களும் இருக்கிறார்கள், பண்ட்ரென் மாதிரிப் பஞ்சைகளும் இருக்கிறார்கள். ஆனால் நூற்றுக்கு அறுபது பேர் கறுப்பர்கள் என்று அதே படத்தின் ஓரத்தில் அதே கை எழுதியிருக்கிறது. ‘தி ஸவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’ நாவலின் கடைசிப் பகுதியில், 1928 ஏப்ரல் 8 ஈஸ்டர் ஞாயிறன்று, டில்ஸி பென்ஜியையும் கூட்டிக்கொண்டு கறுப்பர்களின் தேவாலயத்துக்குப் போகிறாள். ஃபாக்னர் எழுதியவற்றில் அந்தப் பிரசங்கத்துக்கு இணையான இடங்கள் சிலவே. அந்தத் தேவாலயம் படத்தில் இல்லை. ஸட்பன் ஞாயிறுதோறும் குதிரை வண்டியைக் கண்மண் தெரியாமல் விரட்டிக்கொண்டு போன வெள்ளைக்காரர்களின் தேவாலயம் இருக்கிறது. டில்ஸியின் குடிசை காம்ப்ஸன் வீட்டுப் புள்ளிக்குள் அடக்கம்.

இன்னும் பின்னால் போகலாம். சிக்கஸா இந்தியர்கள் 1832இல் போண்டோடாக் ஓடையருகே கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்த நிலத்தை இழந்தார்கள். ஸர்வேயர்கள் சதுரம் சதுரமாக அதைக் கூறுபோட்டார்கள். 1836இல் லாஃபயெட் மாவட்டம் உண்டாயிற்று. சரியாக 100 வருஷம் கழித்து ஃபாக்னர் தம்மை ஏக உரிமையாளர் என்று எழுதினார். ‘அப்ஸலம், அப்ஸலம்!’ நாவலே, ஒருவன் சிக்கஸாக்களிடமிருந்து 100 சதுர மைல் நிலத்தை எப்படியோ கையகப்படுத்தி அதற்குத் தன் பெயரை வைத்து, கடைசியில் அதில் யாருமில்லாமல் போவதைப் பற்றியது. இதை எழுதிமுடித்த அதே மனிதர் விளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தையைத் தற்செயலாகப் போட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. படத்துக்கு அடியில் அவர் தம்மையும் ஸட்பன் வரிசையில் சேர்த்துக்கொண்டார்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ரெய்ல்டனின் தலைமையில் பல ஊர்ப் பேராசிரியர்கள் சேர்ந்து ‘டிஜிட்டல் யோக்னபடாஃபா’ என்ற ஒன்றைச் செய்திருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் நடக்கும் 14 நாவல்கள், 54 சிறுகதைகள். ஒவ்வொன்றிலும் வரும் ஒவ்வொரு ஆளையும், இடத்தையும், சம்பவத்தையும் அட்டவணையில் ஏற்றி, ஃபாக்னரின் படங்களை வைத்து வரைந்த ஒரு படத்தின்மேல் காட்டுகிறார்கள். ஓர் இடத்தை இங்கே வைத்ததற்கு ஆதாரம் ஆசிரியரின் படமா, கதையின் வரியா, அல்லது வெறும் ஊகமா என்றும் குறித்துவைத்திருக்கிறார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஃபாக்னரே ஊர்களை இடம் மாற்றி வைக்கிறவர். ஒரு கதையில் சொன்ன தூரம் இன்னொன்றில் இருக்காது.

இந்த அட்டவணை செய்த பெரிய காரியம், பெயரில்லாதவர்களுக்கும் ஒவ்வொரு வரி ஒதுக்கியது. கதவைத் திறந்துவிட்ட கறுப்பு வேலைக்காரன், சாலையோரம் நின்று வண்டியைப் பார்த்த கறுப்பர்கள், கடையில் சும்மா உட்கார்ந்திருந்த வெள்ளைக் குடியானவர்கள் என்று எல்லோரும் பதிவாகியிருக்கிறார்கள். பாத்திரப் பட்டியலை நகர்த்திக்கொண்டே போனால் ‘பெயரற்ற’ என்று தொடங்கும் வரிகள் தீரமாட்டேன் என்கின்றன. தனி ஆளா, கூட்டமா என்று கேட்கிற ஒரு கட்டமும் இருக்கிறது. நாவலைப் படிக்கும்போது ஓரக்கண்ணில் நகர்ந்து போனவர்கள். இவர்கள் இத்தனை பேர் என்று படிக்கும்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். நான் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் சொந்த வரைபடத்துக்கு வருகிறேன். ‘ஆஸ் ஐ லே டையிங்’ 59 அத்தியாயங்கள். 15 பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள். பயணக் கோட்டைப் போடுவது சுலபமாக இருந்தது. தெற்கே ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வடக்கே ஜெஃபர்ஸனுக்குப் போகவேண்டும். முதலில் ஸாம்ஸன் வீட்டுப் பக்கத்துப் பாலத்துக்குப் போகிறார்கள், அது போய்விட்டது. திரும்புகிறார்கள். வந்த வழியிலேயே டல் வீட்டருகே துறையில் இறங்குகிறார்கள். வெள்ளத்தில் வண்டி கவிழ்கிறது, கோவேறு கழுதைகள் செத்துப்போகின்றன, மூத்தவன் காஷுக்குக் கால் முறிகிறது. அப்புறமும் நேர்வழி இல்லை. மாவட்டத்துக்கே வெளியே தெற்கில் மாட்ஸன் என்ற ஊரைச் சுற்றித்தான் ஜெஃபர்ஸன் வரமுடிகிறது. மாட்ஸனில் பிணத்துக்கு எட்டு நாள் ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். இவர்கள் காஷின் காலுக்குக் கட்டுப்போடச் சிமெண்டு வாங்குகிறார்கள்.

இந்தக் கோட்டைத் திரையில் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. நியூ ஹோப் தேவாலயம் 3 மைல் என்று ஒரு கைகாட்டி வழியில் வருகிறது. போகும்போது ஒரு தடவை அதைத் தாண்டுகிறார்கள், ஸாம்ஸன் வீட்டிலிருந்து திரும்பும்போது இன்னொரு தடவை. அங்கே இடுகாடு இருக்கிறது. அக்கம்பக்கத்தார் அங்கேயே புதைக்கலாம் என்று நினைக்கிறார்கள். நாவலைப் படிக்கும்போது அந்தக் கைகாட்டி ஒரு நெருடல், அவ்வளவுதான். படத்தில், தொண்டையில் மாட்டின முள் மாதிரி நிற்கிறது. கோடு அதைத் தொடும் தூரத்தில் போகிறது, விலகுகிறது, திரும்ப வருகிறது, திரும்ப விலகுகிறது. ஆன்ஸ் பண்ட்ரென்னின் பிடிவாதம் விசுவாசமா, ஜெஃபர்ஸனில் பல்செட் கட்டிக்கொள்ளும் ஆசையா என்று எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். படம் இதில் தீர்ப்புச் சொல்லாது. எத்தனை மைல் என்று மட்டும் சொல்லும்.

அட்டவணையில்தான் தகராறு. ‘நிகழ்ச்சி நடக்கும் இடம்’, ‘பேசுகிறவர் இருக்கும் இடம்’ என்று இரண்டு கட்டங்கள் வைத்திருந்தேன். பெரும்பாலான அத்தியாயங்களுக்கு இரண்டிலும் ஒரே இடம். டார்ல் வந்ததும் கணக்கு இடறியது. இரண்டாவது மகன், 19 அத்தியாயங்கள் அவனுடையவை. தாய் சாகிற காட்சியை விவரிப்பவன் அவன். ஆனால் அவன் அங்கே இல்லை. மூன்று டாலருக்காக மரம் ஏற்றிக்கொண்டு தம்பி ஜுவலோடு வெளியே போனவன், மழையில், சக்கரம் உடைந்த வண்டியோடு எங்கோ நிற்கிறான். அங்கிருந்துகொண்டு, தாய் படுத்திருக்கும் அறையையும் மற்றவர்கள் முகங்களையும் வெளியில் அண்ணன் பெட்டி அறுப்பதையும் பார்க்கிறான். இரண்டு கட்டங்களில் இரண்டு இடங்கள். நடுவே ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு என்ன பெயர் கொடுப்பது என்று தெரியவில்லை. ஜூரிக்காரர்களின் வகைப்பாட்டில் நினைக்கிற இடம், ஏங்குகிற இடம் உண்டு. இது நினைப்பும் ஏக்கமும் இல்லை. அவன் சொல்வது அப்படியே நடக்கிறது. சம்பவங்களை அவை நடந்த இடத்தில் வைக்கிற எந்த வரைபடத்திலும் டார்லின் இந்தக் காட்சி பண்ட்ரென் வீட்டில்தான் விழும். விழுந்தால் தப்பில்லை, ஆனால் டார்ல் காணாமல் போய்விடுவான்.

ஆடி பண்ட்ரென்னுக்கு ஒரேயொரு அத்தியாயம். நாற்பதாவது. ஆற்றைக் கடந்தபின் வருகிறது. அதாவது அவள் செத்து, பெட்டிக்குள் அழுகிக்கொண்டிருக்கும்போது. அவள் சொல்லும் சம்பவங்களுக்கு இடம் இருக்கிறது. அவள் பாடம் நடத்திய பள்ளிக்கூடம், கல்யாணம் ஆகி வந்த வீடு, போதகர் விட்ஃபீல்டை ரகசியமாகச் சந்தித்த காடு. ‘பேசுகிறவர் இருக்கும் இடம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? வண்டி என்று எழுதலாம். வண்டியும் அப்போது எங்கே நிற்கிறது என்று நிச்சயமில்லை. வெகு நேரம் கர்ஸரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலியாகவே விட்டேன். மென்பொருள் அட்டவணையை வாங்கிக்கொண்டது. செல்லுபடியாகும் இடவரையறை இல்லாத காரணத்தால் ஒரு பதிவு நீக்கப்பட்டது என்று ஒரு செய்தி போட்டது. கையெழுத்து ஒத்துவராத செக்கைத் திருப்பி அனுப்புகிற மாதிரி. நாவலின் மையம் அந்த அத்தியாயம். இத்தனை பேரும் யாரைச் சுமந்துகொண்டு போகிறார்களோ, அவள் பேசுகிற ஒரே இடம்.

டார்லின் கடைசி அத்தியாயத்தில் சிரமம் இருக்காது என்று நினைத்தேன். பிணத்தோடு சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று வழியில் ஒருவருடைய தொழுவத்துக்குத் தீ வைத்துவிடுகிறான். வழக்குக்குப் பயந்து குடும்பமே அவனைப் பைத்தியம் என்று பிடித்துக் கொடுக்கிறது. ரயிலில் ஏற்றி ஜாக்ஸனுக்கு அனுப்புகிறார்கள். ஜாக்ஸன் ஃபாக்னருக்குச் சொந்தமான ஊர் இல்லை. மிஸிஸிப்பியின் தலைநகரம்; எந்தப் படத்திலும் இருக்கும். அங்கே மாநிலப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி 1855இல் திறக்கப்பட்டது. நாவல் வந்த 1930இல் அது நடந்துகொண்டிருந்தது. 1935இல் அதை மூடி நோயாளிகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அந்தப் புது இடத்தின் பெயர் விட்ஃபீல்ட். நாவலின் போதகர் பெயரும் அதுவாக இருப்பது தற்செயல்தான். பழைய இடத்தில் பின்னால் பல்கலைக்கழக மருத்துவ மையம் வந்தது.

அந்த வளாகத்தில் 2012இல் சாலை போடத் தோண்டியபோது 66 சவப்பெட்டிகள் அகப்பட்டன. ஆஸ்பத்திரியில் இறந்து, கேட்க ஆளில்லாமல் அங்கேயே புதைக்கப்பட்டவர்கள். பிறகு மண்ணுக்குள் ரேடார் அலையை அனுப்பி, தோண்டாமலே பூமிக்கடியில் இருப்பதைப் படமாக்கும் கருவியைக் கொண்டுவந்து தேடினார்கள். மொத்தம் 7000 பேர் வரை இருக்கலாம் என்பது அங்கேயே வேலை செய்கிற ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெரும்பாலான குழிகளுக்குமேல் அடையாளம் கிடையாது. ஃபாக்னரின் படத்தில், ஆடி பண்ட்ரென் புதைக்கப்பட்ட இடுகாட்டுக்குப் போகும் வழி குறிக்கப்பட்டிருக்கிறது.

ஜாக்ஸனில் அந்த வளாகத்தின்மேல் புள்ளியை வைத்தேன். ‘பேசுகிறவர் இருக்கும் இடம்’ நிரம்பிவிட்டது. அடுத்த கட்டத்துக்குப் போனேன். அந்த அத்தியாயத்தில் டார்ல், டார்ல் என்று வேறு யாரையோ பற்றிப் பேசுகிறான். ஜாக்ஸனில் கூண்டுக்குள் இருக்கிறான் என்கிறான். அதே மூச்சில், ஜெஃபர்ஸனில் சதுக்கத்தில் வண்டி நிற்பதையும், அதில் தம்பி தங்கைகள் உட்கார்ந்து வாழைப்பழம் தின்பதையும் பார்க்கிறான். மறுபடியும் இரண்டு இடங்கள், நடுவே ஒரு கோடு. மணி பதினொன்று ஆகியிருந்தது. மறுநாள் திங்கட்கிழமை.